மேகத்தை மட்டும் நம்பலாமா?

பொங்கல் விழாவில் சங்க அன்பர் ஒருவர் கேட்டார்: "சார், போட்டோ, சர்டிபிகேட் எல்லாவற்றையும் கிளவுட்டில் போட்டுவிட்டால் போதுமாமே? வீட்டில் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாமா?" ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் குப்பை கொட்டியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கிளவுட் என்பது ஆகாயத்தில் இல்லை. எங்கோ ஓர் ஊரில், பெரிய கட்டடத்தில், இரவும் பகலும் ஓடும் கம்ப்யூட்டர்களில் நமக்கும் ஓர் இடம். ஸ்டேஷன் க்ளோக் ரூமில் பெட்டியை வைத்துவிட்டு ரசீது வாங்குகிறோமே, அதைப் போலத்தான். இங்கே பாஸ்வேர்டுதான் ரசீது.

நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு குற்றாலத்தில் என் மனைவியின் செல்போன் அருவியோடு போயிற்று. நாக்பூர் திரும்பி, புதுப் போனில் கணக்கைத் திறந்ததும் பேத்தியின் படங்கள் அத்தனையும் வந்துவிட்டன. மாற்றலில் ஊர் ஊராகப் பெட்டி தூக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய வசதி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ குடும்பங்கள் பத்திரங்களையும் சான்றிதழ்களையும் பறிகொடுத்தன. அதே ஆண்டில் தொடங்கிய அரசின் டிஜிலாக்கரில் உள்ள ஆதாரையும் ஓட்டுநர் உரிமத்தையும் ரயில் பயணத்தில் அடையாளச் சான்றாக ஏற்க 2018-இல் ரயில்வே உத்தரவிட்டது. ஒன்றைக் கவனியுங்கள்: துறையே வழங்கிய ஆவணம்தான் செல்லும், நாமே ஸ்கேன் செய்து ஏற்றியது செல்லாது.

இனி மறுபக்கம். திருச்சியில் இருந்த என் அண்ணா, அம்மா பாடிய நலங்குப் பாட்டுகளைக் கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதும் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கிளவுட்டில் போட்டுவிட்டு, கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டார். பிறகு கம்ப்யூட்டரும் பழுதாகிப் பழைய சாமான்காரனிடம் போனது. அண்ணா திடீரென்று காலமானார். பாஸ்வேர்டு மன்னிக்குத் தெரியாது. ஓ.டி.பி. வர வேண்டிய எண்ணோ ரீசார்ஜ் செய்யாமல் ரத்தாகிவிட்டது. இறப்புச் சான்றிதழ் அனுப்பியும் பயனில்லை. பெட்டி க்ளோக் ரூமில் இருக்கிறது; ரசீது போய்விட்டது.

விதிகளும் மாறும். கூகிள் போட்டோஸில் அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-உடன் நின்றது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி.யில்தான் மெயில், படம், கோப்பு எல்லாம் அடங்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் தொடாத கணக்கை நீக்கும் வழக்கமும் 2023 டிசம்பரில் வந்தது. பல சேவைகளில், இடம் போதவில்லை என்று போனில் படத்தை அழித்தால் கிளவுட்டிலும் அழிந்துவிடும்.

கட்டடமும் எரியும். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தகவல் மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த கிளவுட் அதில் அழிந்தது. வேறிடத்தில் நகல் இல்லை.

எங்கள் டிராயிங் ஆபீசில் ஒரிஜினல் டிரேசிங்கைப் பீரோவில் வைத்துப் பூட்டுவோம். சைட்டுக்குப் போவது அமோனியா பிரிண்ட்தான். வீட்டுக்கும் அதே வழக்கம் போதும்.

கிளவுட்டில் ஒரு நகல் இருக்கட்டும். ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் எடுத்து, ஆண்டுக்கு ஒரு முறையாவது போட்டுப் பாருங்கள், டிஸ்கும் சாகும். வேறு ஊரில் உள்ள மகனிடமோ மகளிடமோ இன்னொன்று கொடுத்து வையுங்கள். மூலப் பத்திரத்தை எக்காரணம் கொண்டும் எறியாதீர்கள்.

பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி, அது இருக்கும் இடத்தை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். நம் கணக்கு நீண்ட நாள் திறக்கப்படாவிட்டால் நாம் குறிப்பிட்டவருக்குத் தகவல்கள் கிடைக்கும்படி செய்யும் வசதி கூகிளில் உண்டு. அதற்கு உயிரோடு இருக்கும்போதே நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

அம்மாவின் பாட்டில் இரண்டடிதான் எனக்கு நினைவிருக்கிறது. உங்கள் வீட்டில் பழைய கேசட் இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமையே எடுத்துப் பாருங்கள்.