டேப் போனாலும் போகாத பசை

கல்லூரி ஆண்டு விழா முடிந்த மறுநாள். வாடகைக்கு எடுத்து வந்த டிரம் செட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒலி நெடுநேரம் இழுக்காமல் இருப்பதற்காக மாணவர்கள் டிரம்களிலும் சிம்பல்களிலும் டேப் ஒட்டியிருந்தார்கள். உரித்தபோது டேப் வந்துவிட்டது, பசை வரவில்லை.

“அசிட்டோனைத் தொட்டுத் துடைங்கப்பா, போயிடும்” என்று சொல்லிவிட்டு நான் வகுப்புக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், பசை போயிருந்தது. கூடவே டிரம்மின் பக்கவாட்டில் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறையும் உள்ளங்கை அகலத்துக்குக் கரைந்து வெளுத்துக் கிடந்தது. அந்த டிரம்மை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர் அதைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. பணத்தை நான் கொடுத்துவிட்டேன். ஆனால், இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் நான் எதை யோசிக்கத் தவறினேன்?

டேப் ஒலியை அடக்குவது எப்படி?

இன்றைய டிரம்களில் இழுத்துக் கட்டியிருப்பது பெரும்பாலும் விலங்குத் தோல் அன்று, பாலியெஸ்டர் படலம். 1950களின் பிற்பகுதியில் இது தோலின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. 14 அங்குல விட்டமும் கால் மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள படலத்தின் நிறை என்ன? அதன் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஏறக்குறைய 1.4 கிராம். கணக்கிட்டுப் பாருங்கள்: சுமார் 35 கிராம்தான் வரும்! அதன்மேல் ஒட்டும் ஒரு கிராம் டேப்கூட அதிர்வை மாற்றிவிடும்.

நிறை மட்டும் காரணமன்று. டேப்பின் பசை முழுத் திண்மமும் அன்று, முழுத் திரவமும் அன்று. அதிர்வு வரும்போதெல்லாம் அது இழுபட்டு நெளிகிறது. அப்போது ஏற்படும் உள் உராய்வால் அதிர்வு ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகிவிடுகிறது. டேப்பை உரித்த பிறகும் தடித்த பசைத் திட்டு மிஞ்சியிருந்தால் இந்த வேலை தொடரும். தூசியும் வந்து சேரும்.

தண்ணீருக்கு ஏன் அசைவதில்லை?

பல டேப்களின் பசை, ரப்பரும் பிசினும் கலந்தது. ரப்பர் மூலக்கூறு, கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த நீண்ட சங்கிலி. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பலமாகக் கவர்பவை. இந்தச் சங்கிலிகளுக்கிடையே அவை நுழைவதில்லை. எண்ணெய் மூலக்கூறின் பெரும்பகுதியும் கார்பன்-ஹைட்ரஜன் சங்கிலியே. ஆகவே அது மெல்ல உள்ளே புகுந்து, பசையை உப்பச் செய்து, பிடியைத் தளர்த்துகிறது. இனம் இனத்தோடு சேரும் என்பது கரைப்பான்களுக்கும் பொருந்தும்.

என் தவறு இங்கேதான். பசையை எது கரைக்கும் என்று மட்டும் நினைத்தேன். பசைக்கு அடியில் உள்ளதை எது கரைக்காது என்று நினைக்கவில்லை. டிரம் உறைகளில் பயன்படும் செல்லுலோஸ் வகைப் பிளாஸ்டிக்குகளையும் சில வார்னிஷ்களையும் அசிட்டோன் கரைத்துவிடும்.

சிம்பலுக்கும் இதே எச்சரிக்கை தேவை. உயர்ந்த ரக சிம்பல்கள் பல, 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம். வெண்கலம் என்றதும் புளி நினைவுக்கு வரும். புளியின் அமிலம் உலோகத்தின்மேல் படிந்த ஆக்சைடைக் கரைக்கும். பசையை ஒன்றும் செய்யாது. கம்பி நாரால் தேய்த்தால் பசையோடு மேற்பூச்சும் போகும், கீறலும் விழும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலில் புதிய டேப் துண்டு ஒன்றைப் பசையின்மேல் அழுத்தி, வெடுக்கென்று இழுங்கள். பசைக்குப் பசைமீதுள்ள பிடிப்பு, உலோகத்தின்மீதுள்ள பிடிப்பைவிட மிகுதியாக உள்ள இடங்களில் அது பெயர்ந்து வரும். மீதியின்மேல் தேங்காய் எண்ணெய் தடவிக் கால்மணி நேரம் விடுங்கள். பிறகு மெல்லிய துணியால் உருட்டி எடுங்கள். எஞ்சிய எண்ணெயைச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, ஈரம் போக உலர்த்துங்கள். முதலில் ஓரத்தில் சிறிது செய்து பார்ப்பது நல்லது. விலங்குத் தோல் கட்டிய கருவிகளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். எண்ணெயும் நீரும் தோலில் ஊறிவிடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். எவர்சில்வர் தம்ளரில் மூன்று டேப் துண்டுகளை ஒட்டி, ஒரு வாரம் வெயிலில் வைத்து உரியுங்கள். மிஞ்சும் பசையில் ஒன்றுக்கு நீர், ஒன்றுக்குப் புளிக்கரைசல், ஒன்றுக்கு எண்ணெய். எது இளகுகிறது என்று நீங்களே காண்பீர்கள்.

மறு ஆண்டு விழாவுக்கும் அதே மனிதர்தான் டிரம் கொடுத்தார். நாளாக ஆகப் பசை நுண்ணிய பள்ளங்களுக்குள் வழிந்து இறங்கிவிடும் என்பதால், இந்த முறை விழா முடிந்த இரவே டேப்பை உரித்துவிட்டோம். எண்ணெய்க் கிண்ணமும் பழைய துணியும் தயாராக இருந்தன. அசிட்டோன் புட்டி ஆய்வகத்திலேயே இருந்தது.