இணை இழந்த முதிய ஃபெரட்டுக்குத் துணை

இணை பிரிந்தால் உயிர் தரியாத பறவை என்று அன்றிலைப் புலவர்கள் பாடினர். அது புலவர் வழக்கு. எனினும், உடன் வாழ்ந்த விலங்கு இறந்தபின் உணவை மறுத்துச் சோர்ந்து கிடக்கும் வளர்ப்பு விலங்குகள் உண்டு என்பது கண்கூடு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் வீட்டில் வளர்க்கும் ஃபெரட் அவற்றுள் ஒன்று. முதுமையும் நோயும் உற்ற ஃபெரட் தன் கூட்டாளியை இழந்தால் அதற்குத் துணை தேடுவது எங்ஙனம்? இதற்கு இரக்கம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும்.

ஃபெரட் யாது?

நீண்டு மெலிந்த உடலும் குட்டைக் கால்களும் உடைய சிறிய ஊனுண்ணியே ஃபெரட். பார்வைக்குக் கீரியை ஒக்கும். ஆயினும் அது கீரிக் குடும்பத்தது அன்று, நீர்நாய்க் குடும்பத்தது. போல்கேட் என்னும் ஐரோப்பியக் காட்டு விலங்கைப் பழக்கியதால் தோன்றியது என்பர். வளையில் பதுங்கும் முயலை வெளியே துரத்துவதற்காகவே மக்கள் இதனை முதலில் வளர்த்தனர். ‘சிறுகள்வன்’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று இதன் பெயர் பிறந்தது. கண்ட பொருளைக் கவர்ந்து மூலையில் ஒளித்து வைக்கும் இதன் இயல்புக்கு அப்பெயர் பொருத்தமே.

காட்டுப் போல்கேட் தனித்து வாழ்வது. வீட்டு ஃபெரட்டோ பிறவற்றோடு கூடி விளையாடி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துறங்கப் பழகியது. ஆதலின், பல்லாண்டு உடன் உறங்கிய துணை மறைந்ததும் அதன் நாளே மாறிவிடுகிறது.

துயரா, நோயா?

ஃபெரட்டின் ஆயுள் பொதுவாக 5 முதல் 8 ஆண்டுகள். நடுவயதைக் கடந்தவற்றிற்குக் கணையத்தில் சிறு கட்டிகள் தோன்றுவது மிகுதி. அக்கட்டிகள் இன்சுலினை அளவின்றிச் சுரப்பதால் இரத்தத்தில் சர்க்கரை குறைகிறது. பின்னங்கால் தளர்தல், எச்சில் ஒழுகுதல், வெறித்து நோக்குதல், எழுப்பினும் எழாத உறக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள்.

இங்கேதான் இடர் இருக்கிறது. துயருற்ற ஃபெரட்டும் ஓயாது உறங்கும். நோயுற்ற ஃபெரட்டும் ஓயாது உறங்கும். துயர் என்றெண்ணி வாளா இருந்தால் நோய் முற்றும். மேலும், துயரால் உணவை மறுத்தால் முன்னரே குறைந்த சர்க்கரை இன்னும் வீழும், வலிப்பும் உண்டாகலாம். எனவே துணை தேடுமுன் விலங்கு மருத்துவரிடம் காட்டி இரத்தத்தைச் சோதிப்பதே முதற் கடமை. அதுவரை வெதுவெதுப்பான இறைச்சிக் கூழைச் சில மணி நேரத்திற்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கையால் ஊட்டுதல் வேண்டும்.

குட்டி வேண்டா

வீட்டின் வெறுமையைப் போக்கத் துள்ளும் குட்டியொன்றை வாங்கி வருவோர் பலர். அன்பினால் நேரும் பிழை இது. ஃபெரட்டின் விளையாட்டே பிடரியைக் கவ்வி இழுத்து உருட்டுவதுதான். இளங்குட்டிக்கு அது களிப்பு. நோயுற்ற முதுமைக்கோ வதை.

தொற்றும் அஞ்சத்தக்கது. 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதன்முதலாக அறியப்பட்ட குடல்நோய் ஒன்று உண்டு. கொரோனா வகை நச்சுயிரியால் வருவது அது. குட்டிகள் தமக்குத் துன்பமின்றியே அதனைச் சுமந்து வரும். முதியவற்றையே அது கடுமையாகத் தாக்கும். புதிய ஃபெரட்டை இரு வாரமேனும் தனியறையில் வைத்தல் நன்று. எனினும், அறிகுறியின்றி நோயைச் சுமப்பது பல மாதம் அதனைப் பரப்பக்கூடும் ஆதலின், அதுவும் முழுக் காப்பு ஆகாது.

தக்க துணை எது?

கைவிடப்பட்ட ஃபெரட்டுகளைப் பேணும் காப்பகங்கள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்ளன. அங்கே தானும் துணையிழந்து நிற்கும், அமைதியான, நடுவயது கடந்த ஃபெரட்டே ஏற்றது. முதலில் இரண்டின் படுக்கைத் துணிகளை மாற்றி வைத்து, ஒன்றன் மணத்தை மற்றொன்று அறியச் செய்ய வேண்டும். பின்னர், இரண்டுக்கும் உரிமையில்லாத பொது இடத்தில் சிறிது நேரம் சந்திக்க விடலாம். சிறு பூசல் இயல்பே. ஒன்று அலறினாலோ, அச்சத்தால் மலங்கழித்தாலோ உடனே பிரித்துவிட வேண்டும். இரண்டும் ஒரே துணிக்குள் உறங்குமாயின் நட்பு அமைந்தது எனலாம்.

எந்த ஃபெரட்டோடும் இணங்காதவையும் உள. அவற்றிற்கு வளர்ப்பவரே துணை. மடியில் உறங்க இடந்தருதல், குறித்த வேளையில் உணவூட்டல், மெல்லப் பேசுதல் ஆகியவை சிறியன அல்ல. ஆனால் சளிக்காய்ச்சல் கண்டவர் விலகியிருத்தல் நலம். மனிதரின் இன்புளுவென்சா ஃபெரட்டைத் தொற்றும் என்பதை 1933ஆம் ஆண்டிலேயே இலண்டன் அறிஞர்கள் மெய்ப்பித்தனர்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. முதிய ஃபெரட் மறைந்தபின் புதிய துணையும் தனித்துவிடும். அதனையும் இறுதிவரை காப்பதாக உறுதி கொண்டவரே அதனை அழைத்து வருதல் முறை. நம் வருத்தம் தீரத் தேடுவது ஒன்று; அவ்வுயிரின் வருத்தம் தீரத் தேடுவது மற்றொன்று. இரண்டையும் பிரித்தறிந்து பின்னதை மேற்கொள்வதே உண்மையான அருள்.