நூற்றில் ஒரு பங்கு

மதுரை செல்லூரின் சாலை வட்டத்தில் கபடி வீரர்கள் சிலைகளாக நிற்கின்றனர். கபடிக்குப் பெயர்பெற்ற பகுதிக்குப் பொருத்தமான அடையாளம்தான். ஆயினும், இத்தகைய பொதுக்கலைக்குப் பொருள் எங்கிருந்து வரும்?

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 1959ஆம் ஆண்டிலேயே இதற்கொரு வழி கண்டது. பொதுக் கட்டுமானச் செலவில் நூற்றில் ஒரு பங்கு வரை கலைக்கென ஒதுக்கியது. ஒரு கோடி ரூபாய்ப் பணியெனில், ஓர் இலட்சம் சிற்பிக்கோ ஓவியருக்கோ சேரும். வரைபடம் தீட்டும்போதே சிலைக்கும் இடம் குறிக்கப்பட்டுவிடும். கொடையாளரை நம்பிய கலையோ, கொடை நின்றால் தானும் நின்றுவிடும்.

திருமலை நாயக்கர் அரண்மனைக்கு மண் எடுத்த பள்ளமே வண்டியூர்த் தெப்பக்குளமாயிற்று என்பர். ஒரே பணியில் அரண்மனையும் குளமும்! நிறுவியபின் சிலைக்கு ஆண்டுதோறும் வண்ணம் பூசவும் பொருள் வேண்டும். அதனையும் திட்டத்தொகையிலேயே முன்கூட்டிச் சேர்த்தல் நன்று.