வாங்கியவர் ஒருவர், கடன்பட்டவர் ஒருவர்

இரண்டாம் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய சார்லஸ் லாசரஸ், 1948-இல் வாஷிங்டன் நகரில் குழந்தைகளுக்கான தொட்டிலும் கட்டிலும் விற்கும் கடையொன்றைத் திறந்தார். தொட்டில் வாங்கியவர் அடுத்த பிள்ளைக்கும் அதையே வைத்துக்கொள்ள, பொம்மை வாங்கியவரோ அது உடைந்ததும் மறுபடி கடைப்படி ஏறுவதைக் கண்ட அவர், பொம்மைகளுக்கென்றே 1957-இல் தொடங்கிய ‘டாய்ஸ் ஆர் அஸ்’ ஸ்தாபனம், ஜெஃப்ரி என்ற ஒட்டகச்சிவிங்கியைச் சின்னமாகக் கொண்டு அமெரிக்கா முழுதும் பரவியது. அதை 2005-இல் கே.கே.ஆர்., பெயின் கேப்பிடல், வொர்னாடோ ஆகிய மூன்று நிறுவனங்கள் கூட்டாகச் சேர்ந்து ஏறக்குறைய 660 கோடி டாலருக்கு வாங்கின.

அவை தம் பங்காகப் போட்ட பணம் சுமார் 130 கோடி. எஞ்சியது பெரும்பாலும் கடன். அந்தக் கடன் யார் பெயரில் எழுதப்பட்டது என்பதில்தான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. வீட்டை அடமானம் வைத்து அதே வீட்டை வாங்குகிறவர் தவணையைத் தம் சம்பளத்திலிருந்து கட்டுகிறார். இங்கோ வாங்கப்பட்ட கம்பெனியே, தன்னை வாங்குவதற்காகப் பட்ட கடனைத் தன் வருமானத்திலிருந்து அடைக்கக் கடமைப்படுகிறது.

கே.கே.ஆர்., பெயின் போன்ற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனங்கள் திரட்டும் மூலதனம் பெரும்பாலும் ஓய்வூதிய நிதிகள், காப்பீட்டுக் கம்பெனிகள், பல்கலைக்கழக நிதிகள் முதலியவற்றிலிருந்து வருவது. அதைப் பராமரிக்க வழக்கமாக ஆண்டுக்கு 2 சதவீதம் கட்டணமும், லாபத்தில் 20 சதவீதமும் பெறுகிறார்கள். வாங்கிய கம்பெனியைப் பங்குச் சந்தையிலிருந்து விலக்கி, நிர்வாகிகளை மாற்றி, செலவைச் சுருக்கி, சில ஆண்டுகளில் கூடுதல் விலைக்கு விற்றுவிடுவதே அவர்கள் நோக்கம்.

அது பலித்த இடங்களும் உண்டு. 2007-இல் சுமார் 2,600 கோடி டாலருக்கு ஹில்டன் ஓட்டல்களை வாங்கிய பிளாக்ஸ்டோன் என்ற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனம், அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியைச் சமாளித்து, 2013-இல் அதைப் பங்குச் சந்தைக்குத் திரும்பக் கொண்டுவந்து, பெருலாபம் கண்டது.

பொம்மைக் கடைக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. வால்மார்ட்டும் அமேசானும் வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், கடைகளைப் புதுப்பிக்கவும் இணைய வியாபாரத்தைக் கட்டியெழுப்பவும் வேண்டிய பணத்தை, ஆண்டுதோறும் சுமார் 40 கோடி டாலர் கடன் பாரம் விழுங்கியது. போதாததற்கு, முதலாளிகளுக்கு ஆலோசனைக் கட்டணமும் செலுத்த வேண்டியிருந்தது. 2017 செப்டம்பரில் திவால் மனு, 2018 மார்ச்சில் கடைகளை மூடும் அறிவிப்பு. அலமாரிகளும் விலைக்கு வந்தன. அறிவிப்பு வந்த அடுத்த வாரமே, 94 வயதில் லாசரஸ் காலமானார்.

முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலையிழந்தனர். பணிவிலகல் ஈட்டுத்தொகை கிடைக்கவில்லை. அவர்கள் வீதியில் நின்று போராடிய பிறகே, கே.கே.ஆரும் பெயினும் 2 கோடி டாலர் நிதி ஒதுக்க இசைந்தன. கடன் வாங்கத் தீர்மானித்தவர்களுக்கே அதில் பொறுப்பு இல்லையென்பது நியாயமாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். அந்தப் பொறுப்பை அவர்கள்மேல் சுமத்த வகைசெய்யும் மசோதாவைச் செனட்டர் எலிசபெத் வாரன் 2019-இல் அமெரிக்க காங்கிரசில் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.