உறையைக் கடந்த துளி

1996 ஆகஸ்ட் மாதத்தில், அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ரஸாயனப் பேராசிரியையாக விளங்கிய காரென் வெட்டர்ஹான் அம்மையார், புகையுறிஞ்சிப் பெட்டியின் முன் நின்று, ரப்பர் கையுறை அணிந்து, அக்காலத்து விதிகள் கேட்ட ஜாக்கிரதையுடனேயே டைமெதில் மெர்க்குரி என்னும் பாதரச விஷத் திரவத்தைக் கையாண்டபோது, பிப்பெட்டின் முனையிலிருந்து ஓரிரு துளிகள் உறையின்மேல் சிந்தின. ஐந்து மாதங்களுக்குப் பின் நடையும் பேச்சும் தடுமாறின. 1997 ஜூனில், 48-ஆம் வயதில், அவர் உயிர் நீத்தார்.

கிழியாத உறையை விஷம் எப்படிக் கடந்தது? ரப்பர் நம் கண்ணுக்குச் சுவர்போல் தோன்றினாலும், நெகிழ்ந்த நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் பின்னிக் கிடக்கும் படலமே ஆதலால், நீரில் கரையாமல் எண்ணெய்ப் பசையில் எளிதில் கரையும் சிறு மூலக்கூறுகள், துவாரம் எதையும் நாடாமல், அந்த ரப்பரிலேயே கரைந்து மறுபுறம் வெளிப்பட்டுவிடுகின்றன. இதற்கு 15 வினாடிகளே போதுமென்று பிற்பாடு செய்த பரிசோதனை காட்டிற்று. தோலையும் அவ்வாறே ஊடுருவும் இவ்விஷம் மூளையைச் சென்றடைகிறது. இதில் மிகக் கொடியது அந்த ஐந்து மாதத் தாமதம்தான். அறிகுறி தோன்றும் வேளையில் நரம்பணுக்கள் மீளாதபடி சிதைந்துவிட்டிருக்கும்.

ஆகவே, உறையைத் தேர்வதற்கு முன், குறிப்பிட்ட வஸ்துவை அது எத்தனை நேரம் தடுத்து நிறுத்தும் என்ற சோதனை அட்டவணையைப் பார்த்தே தீரவேண்டும். டைமெதில் மெர்க்குரிக்குப் பல படலங்களை ஒட்டிச் செய்த மெல்லுறையை உள்ளேயும், தடித்த நியோப்ரீன் உறையை அதன்மேலும் அணியுமாறு அம்மையாரின் சகாக்களே பிற விஞ்ஞானிகளை எச்சரித்து எழுதினார்கள். அதனினும் மேலான உபாயம் அவ்வஸ்துவையே விலக்குவது: அவர் அதை எடுத்தது காந்த ஒத்ததிர்வு அளவீட்டில் ஒப்பீட்டுப் பொருளாக வைப்பதற்கு மட்டுமே; அந்தக் காரியத்துக்கு அபாயம் குறைந்த வேறு பாதரச உப்புக்கள் உண்டு.