ஏல மலையில் அட்டையும் வெயிலும்

ஏலக்காய் மற்றச் செடிகளின் காய்களைப்போல் கைக்கெட்டும் உயரத்தில் தொங்குவதில்லை. தூரின் அடியிலிருந்து புறப்படும் சரம், தரையோடு தரையாகச் சருகின்மேல் படர்ந்து காய்க்கிறது. ஆகவே காய் பறிப்பவர் நாள் முழுவதும் குந்தியிருந்து, ஈரச் சருகினுள் கையை விட்டுத் துழாவியே பறிக்க வேண்டியிருக்கிறது. பறிப்பும் ஆடி ஆவணியில் தொடங்கித் தை மாசி வரையில், முப்பது நாற்பது நாட்களுக்கு ஒரு தடவையாக நடைபெறுவது. முதல் தடவைகள் தென்மேற்குப் பருவமழையோடு சேர்ந்து வருகின்றன. அட்டை பெருகும் காலமும் அதுவே. அது காத்துக்கொண்டிருக்கும் இடமும் அந்தச் சருகே. போடிநாயக்கனூரிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாக மலைத் தோட்டங்களுக்குச் செல்லும் ஸ்திரீகள், மாலையில் இரத்தம் கசியும் கால்களோடு திரும்புவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

அட்டையை எல்லோரும் அறிவர். வெயிலைத்தான் மலையில் ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. காற்றுக் குளிர்ந்திருப்பதால் வெயில் சுடுவதாகத் தோன்றாது. ஆனால் சருமத்தைக் கருக்குவது சூரியனுடைய உஷ்ணமன்று, அதன் புற ஊதாக் கதிர்களே. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் இக்கதிர்களின் வலு ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடுகிறது. போடி ஊருக்கும் மெட்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் ஏறக்குறைய அவ்வளவே. மெல்லிய மேகமும் இக்கதிர்களில் பெரும் பகுதியை உள்ளே விட்டுவிடும். மகசூலைக் கருதி நிழல் மரங்களின் கிளைகளை அதிகமாகக் கழித்துவிட்ட தோட்டங்களில், பழைய சோலை நிழலில் வேலை செய்தவர்கள் அறியாத வெயில் இன்று பிடரியில் விழுகிறது.

இவ்விரண்டையும் தடுக்கும் சாதனங்கள் இல்லாமலில்லை. அவற்றைத் தரித்துக்கொண்டு வேலை செய்ய முடியாமலிருப்பதே குறை. ரப்பர் பூட்ஸ் அட்டையை ஓரளவு தடுக்கும்; ஆனால் செங்குத்தான சரிவில் வழுக்கும், மழை நீர் உள்ளே புகுந்தால் கால் ஊறிப்போகும். கையுறை அணிந்தால் முதிர்ந்த காயையும் இளங்காயையும் விரல் பிரித்தறியாது. அகன்ற விளிம்புத் தொப்பி ஏலத்தட்டைகளில் மாட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் மழைச்சட்டைக்குள் வியர்வை ஆவியாக வழியின்றி உடம்பு புழுங்கும். காலை எட்டு மணிக்கு அணிந்ததைப் பத்து மணிக்குக் கழற்றி எறிந்தால் அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? இதை வேலையாட்களின் அலட்சியம் என்று சொல்லும் தோட்டக்காரர், அரை நாள் அவற்றைத் தாமே அணிந்து குந்தியிருந்து பார்ப்பது நலம்.

நம் ஸ்திரீகள் சேலைக்குமேல் பழைய ஆண்பிள்ளைச் சட்டையை அணிந்து வேலைக்குப் போவது நல்ல வழக்கம். தொளதொளத்த, முழுக்கையுள்ள, நெருக்கமாக நெய்த பருத்திச் சட்டை வெயில், கொசு இரண்டையும் ஒருங்கே தடுத்து, காற்றையும் உள்ளே விடுகிறது. நைந்துபோன துணி ஆகாது. நனைந்த பருத்தித் துணி உலர்ந்ததைவிட அதிகமாகக் கதிர்களை உள்ளே விடுமாகையால் மாற்றுச் சட்டை ஒன்று வேண்டும். தலைத்துண்டின் ஒரு முனையைப் பிடரியும் காதும் மறையும்படி பின்னால் தொங்கவிட வேண்டும்.

காலுக்கு ஏற்றது அட்டைக் காலுறை. கடையில் விற்கும் பின்னல் காலுறையின் கண்களில் அட்டை நுழைந்துவிடும். நெருக்கமான நெசவுத் துணியில் முழங்கால் வரை பைபோல் தைத்து, முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்ட வேண்டும். நாடாவை இறுக்கிக் கட்டினால் கால் மரத்துப்போகும். உள்ளூர்த் தையற்காரரே தைத்துவிடலாம்.

உப்பும் புகையிலையும் சுண்ணாம்பும் பூசிக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். உப்பு மழையில் கரைந்துவிடும். சுண்ணாம்பு ஈரத்தோலைப் பொத்துவிடும். புகையிலை நீரோ, தோல் வழியே உள்ளே ஏறித் தலைச்சுற்றலும் வாந்தியும் உண்டாக்கும். பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தைக் காலில் தடவுவது விஷத்தை உண்பதற்குச் சமானம். டீட் கலந்த களிம்பு கொசு முதலியவற்றைச் சில மணி நேரம் அண்டவிடாது. வெயில் தடுப்புக் களிம்பும் பூசுவதாயின் அதை முதலிலும் டீட்டைப் பின்னரும் பூச வேண்டும், உள்ளங்கையில் பூசலாகாது. அட்டை கடித்துவிட்டால் பிய்த்து எடுக்காமல், மெல்லிய வாய்முனையின் அடியில் நகத்தைச் செலுத்தித் தள்ளி விலக்கி, பிறகு பின்முனையையும் விடுவிக்க வேண்டும். அதன் உமிழ்நீர் இரத்தம் உறைவதைத் தடுக்குமாகையால் கசிவு நீடிக்கும்; அதற்காகப் பயப்பட வேண்டாம், துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். சொறிந்து புண்ணாக்குவதே பெரிய தொல்லை.

நிற்க. கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு பிராணியைப் பற்றிக் கிராம அதிகாரிகள் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். அடிவாரப் புதர்களிலும் புல்லோரங்களிலும் வாழும் ஒருவகை உண்ணிப்பேனின் குஞ்சு கடிப்பதால் ஸ்க்ரப் டைபஸ் என்னும் ஜுரம் வருகிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா முனையில் சிப்பாய்களை வாட்டிய ஜுரம் இதுவே. கடித்தது தெரியாது, சுமார் பத்து நாள் கழித்துத்தான் ஜுரம் காணும். இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு ஆகிய மறைவிடங்களில் சிகரெட் சுட்டதுபோன்ற கறுத்த பொருக்கு ஒன்று பலருக்குக் காணப்படும். வெட்கத்தால் இதை வைத்தியரிடம் காட்டாதவர் உண்டு. ஆரம்பத்திலேயே டாக்ஸிசைக்ளின் என்னும் விலை குறைந்த மருந்து கொடுத்தால் எளிதில் குணமாகிறது; தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவை பாதிக்கப்பட்டு உயிருக்கே அபாயம். மலை வேலைக்குப் போய்வந்தவருக்கு ஜுரம் கண்டால், "மலைக்குப் போகிறவர்" என்பதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லும்படி ஏவுவது, ஒரு பைசாச் செலவில்லாத உபகாரம்.

செலவை யார் ஏற்பது? 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், மழையினின்றும் குளிரினின்றும் காக்கக் குடை, கம்பளி, மழைச்சட்டை முதலியவற்றைத் தோட்டக்காரர் அளிக்கும்படி விதிசெய்ய இடங்கொடுத்தது. வெயிலையும் அட்டையையும் அது பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. சிறு தோட்டங்கள் பல அதன் எல்லைக்கு வெளியிலும் நின்றன. சட்டம் எப்படியாயினும், அட்டையைப் பிடுங்க நிமிஷத்துக்கொரு தடவை எழுந்து நிற்பவர் பறிக்கும் காய் குறைவாகவே இருக்கும். அந்த நஷ்டம் தோட்டக்காரருடையதே. ஆளுக்கு இரண்டு ஜோடி காலுறை தைத்துக் கொடுத்து, அவற்றைத் தோட்டத்திலேயே துவைக்கச் செய்து, உலர்த்துங் கூடத்தின் வெளிச்சுவரில் காயப்போடலாம். உள்ளே மட்டும் கொண்டுபோகலாகாது. வியர்வை நாற்றமும் மருந்து நாற்றமும் காயில் ஏறிவிட்டால், போடி ஏல மையத்தில் வியாபாரி காயை முகர்ந்தவுடனே விலையைக் குறைத்துவிடுவார்.