ஒரே பிளேயர், ரெண்டு விலை: 240 மில்லியன் டாலரும் 2.5 மில்லியன் டாலரும்



வயசான ஸ்டார் ஒருத்தரை டீமில் எடுக்கலாமா வேண்டாமான்னு அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் வருஷா வருஷம் குளிர்காலத்தில் சண்டை போடுவாங்க. சீசன் முடிஞ்சு கான்ட்ராக்ட் பேச்சு நடக்கிற நேரம் அது. ஒரு கோஷ்டி, "அவர் யாருன்னு தெரியுமா? எத்தனை ஹோம் ரன் தெரியுமா?" என்று கேட்கும். இன்னொரு கோஷ்டி, "அதெல்லாம் பழைய கதைப்பா, வயசு என்ன ஆச்சு?" என்று திருப்பிக் கேட்கும்.

ரெண்டு கோஷ்டியும் ஆளைப் பத்தித்தான் பேசுது. விலையைப் பத்தி, எத்தனை வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுறோம் என்பதைப் பத்தி, சரிவரலைன்னா எப்படி வெளியே வர்றது என்பதைப் பத்திப் பேசுறவங்க குறைவு. நாம ஒரு மியூச்சுவல் ஃபண்டையோ இன்ஷூரன்ஸ் பாலிசியையோ தேர்ந்தெடுக்கும்போதும் இதேதான் நடக்குது. அதனால இந்தச் சண்டையிலேயே பெரிய சண்டை ஒண்ணை எடுத்துக்குவோம். வீடியோவில் நேரமில்லாம வேகமா ஓட்டிட்டேன். இங்கே நிதானமா பார்க்கலாம்.

பிளேயர் பெயர் ஆல்பர்ட் பூஹோல்ஸ். 1980-ல் டொமினிக்கன் குடியரசில் பிறந்தவர். 1999-ல் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் 402-வது ஆளாகத்தான் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் டீம் அவரை எடுத்தது. அதாவது, அவருக்கு முன்னாடி 401 பேரை யாரோ ஒருத்தர் "இவன் பெட்டர்" என்று நினைச்சிருக்காங்க. 2001-ல் முதல் சீசன். சம்பளம் அன்றைய லீக் குறைந்தபட்சமான 2 லட்சம் டாலர். அந்த வருஷம் 37 ஹோம் ரன் அடிச்சார். பேஸ்பால் பழக்கமில்லாதவங்களுக்கு: ஹோம் ரன் என்பது ஏறக்குறைய நம்ம சிக்ஸர், ஆனா அதைவிட ரொம்ப அரிது. ஒரு சீசனில் 30 அடிச்சாலே பெரிய ஆள்.

அடுத்த பத்து வருஷத்தில் அவர் செஞ்சதைப் பட்டியல் போட்டா இந்தப் பக்கம் போதாது. 2011 முடிய 445 ஹோம் ரன். மூணு முறை லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருது. 2006, 2011-ல் டீமுக்கு சாம்பியன் பட்டம். பேட்டிங் சராசரி .328. அங்கே .300 தாண்டினாலே கொண்டாடுவாங்க.

2011 கடைசியில் கான்ட்ராக்ட் முடிஞ்சது. அவருக்கு வயசு 31, ஜனவரியில் 32. செயின்ட் லூயிஸ் ஊரே ரெண்டா பிரிஞ்சது.

"கொடுத்தே ஆகணும்" என்ற பக்கத்தில் இருந்த வாதம் வெறும் சென்டிமென்ட் இல்லை. அதில் ஒரு நியாயம் இருக்கு. பேஸ்பாலில் புதுசா வர்ற பிளேயர் ஆறு சீசன் முடியும் வரை இஷ்டப்பட்ட டீமுக்குப் போக முடியாது. அந்த வருஷங்களில் தான் அவர் இளமையின் உச்சத்தில் இருப்பார், சம்பளமும் கம்மியா இருக்கும். பூஹோல்ஸ் 2004-ல் 7 வருஷத்துக்கு 100 மில்லியன் டாலர் கான்ட்ராக்ட் போட்டார். கேட்க பெரிசா இருக்கும். அவர் ஆடின ஆட்டத்துக்கு அது மலிவு. ஆக, "இத்தனை வருஷம் கம்மி விலைக்கு உழைச்சாரே, இப்ப அந்தக் கடனை அடைக்க வேண்டாமா?" என்று ரசிகர்கள் கேட்டது நியாயம்தான்.

எதிர்ப் பக்கம் சொன்னது இன்னும் எளிமையானது. பேஸ்பால் வீரர்கள் பெரும்பாலும் 20-களின் கடைசியில் உச்சத்தில் இருப்பாங்க, 30-களில் இறங்குவாங்க. இந்த ஒருத்தருக்கு மட்டும் உடம்பு வேற விதியில் ஓடாது. 32 வயசிலிருந்து 41 வயசு வரைக்குமான ஆட்டத்தை, 21-லிருந்து 31 வரை ஆடின ஆட்டத்தின் விலைக்கு ஏன் வாங்கணும்?

கார்டினல்ஸும் பெரிய தொகைதான் பேசினாங்க, 200 மில்லியனை ஒட்டின ஆஃபர்னு செய்தி வந்தது. ஆனா 2011 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஏஞ்சல்ஸ் டீம் 10 வருஷத்துக்கு 240 மில்லியன் டாலர் கொடுத்து அவரைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. அன்றைய மதிப்பில் நம்ம பணத்தில் 1,200 கோடி ரூபாய்க்கு மேல். கார்டினல்ஸுக்காக உழைச்சதுக்கான அரியர்ஸை ஏஞ்சல்ஸ் கொடுத்திருக்காங்கன்னு சொல்லலாம். வேலை மாறினவங்களுக்கு இது புரியும்: பழைய கம்பெனியில் நீங்க செஞ்ச வேலைக்கான ஹைக், புது கம்பெனி ஆஃபர் லெட்டரில்தான் வரும்.

கான்ட்ராக்டை ஒரு லோன் மாதிரி படிங்க

இப்ப அந்தக் கான்ட்ராக்டைப் பிரிச்சுப் பார்ப்போம். 2012-ல் 12 மில்லியன், 2013-ல் 16, 2014-ல் 23. அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு மில்லியன் கூடிக்கிட்டே போய், 2021-ல் 30 மில்லியன். கவனிச்சீங்களா? ஆள் நல்லா ஆடக்கூடிய வருஷத்தில் சம்பளம் கம்மி. 41 வயசில் தான் உச்ச சம்பளம். முதல் ரெண்டு மூணு வருஷம் பட்ஜெட் நிம்மதியா இருக்கும்னு இப்படிப் போடுறது. "இப்போதைக்கு இ.எம்.ஐ. கம்மி சார், அப்புறம் உங்க சம்பளம் ஏறும்போது இதுவும் ஏறும்" என்று ஹோம் லோன் ஏஜென்ட் சொல்ற அதே வசனம். உங்களுக்காவது சம்பளம் ஏற வாய்ப்பிருக்கு. பூஹோல்ஸின் முழங்காலும் பாதமும் இளமையாகப் போறதில்லை.

அடுத்து, பேஸ்பாலில் இந்த மாதிரி கான்ட்ராக்ட் முழு உத்தரவாதம் உள்ளது. சரியா ஆடலைன்னு நிறுத்த முடியாது, காயம்னாலும் கொடுத்தாகணும். அவர் சம்மதம் இல்லாம வேற டீமுக்கு மாத்தவும் முடியாதுன்னு ஷரத்து வேற. உள்ளே போகக் கதவு இருக்கு, வெளியே வரக் கதவு இல்லை. பத்து வருஷ லாக்-இன்.

என்ன ஆச்சு? முதல் வருஷம் 30 ஹோம் ரன், பரவாயில்லை. ரெண்டாம் வருஷம் பாதத்தில் காயம், 99 ஆட்டத்தோட சீசன் முடிஞ்சது. அதுக்கப்புறம் மெதுவான இறக்கம். அந்தப் பத்து வருஷத்தில் ஏஞ்சல்ஸ் பிளேஆஃபுக்குப் போனது ஒரே ஒரு முறை, 2014-ல். அதிலும் மூணு ஆட்டம் தோத்து வெளியே வந்தாங்க. இத்தனைக்கும் அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த பிளேயர்களில் ஒருத்தரான மைக் டிரவுட் அதே டீமில் இருந்தார். தோல்வி எல்லாத்துக்கும் பூஹோல்ஸ்தான் காரணம்னு சொன்னா அநியாயம். 600-வது ஹோம் ரன், 3,000-வது ஹிட் எல்லாம் ஏஞ்சல்ஸ் ஜெர்சியில்தான் வந்தது. டிக்கெட், ஜெர்சி, டிவி வியாபாரமும் டீமின் கணக்கில் இருந்திருக்கும். ஆனா வருஷா வருஷம் 25 மில்லியனை ஒட்டி ஒரே இடத்தில் முடங்கினா, நல்ல பிட்ச்சர்களை வாங்கக் கை கட்டப்படும்.

2017-ஐ மட்டும் கொஞ்சம் நின்னு பார்க்கணும், ஏன்னா அது நம்ம ஊர் பாலிசி விளம்பரம் மாதிரியே இருக்கு. அந்த வருஷம் அவர் அடிச்சு உள்ளே வரவெச்ச ரன் 101. நூறைத் தாண்டினா பேஸ்பாலில் கௌரவம். "இன்னும் நூறு அடிக்கிறார் பாரு!" என்று ஆதரவாளர்கள் காட்டின நம்பர் இது. ஆனா அவர் பேட்டிங் சராசரி .241. அவுட் ஆகாம பேஸுக்குப் போன விகிதம் .286, சுமாரான பிளேயருக்கும் கீழே. அந்த 101-ல் பெரும்பங்கு, அவருக்கு முன்னாடி ஆடினவங்க பேஸில் நின்னுக்கிட்டிருந்ததால் வந்தது.

இப்ப ஒரு பாலிசி எடுத்துக்குங்க. வருஷம் 50,000 வீதம் 15 வருஷம் கட்டினா, முடிவில் 12 லட்சம் கிடைக்கும்னு சொல்றாங்க. கட்டினது 7.5 லட்சம், வர்றது 12 லட்சம், பிரமாதமா தெரியுது இல்லையா? எக்செல்லில் போட்டுப் பாருங்க. ஆண்டுக்கு 6 சதவீதம்கூட வராது. 12 லட்சம் என்பது அந்த 101 ரன். நீங்க கேட்க வேண்டியது .286.

செயின்ட் லூயிஸ் அந்தப் பணத்தை என்ன செஞ்சது

பூஹோல்ஸ் போனதும் ஊரில் பலருக்குக் கோபம், துக்கம். அதே டிசம்பரில் கார்டினல்ஸ் இன்னொரு வயசான ஆளைக் கூட்டிட்டு வந்தாங்க: கார்லோஸ் பெல்ட்ரான், வயசு 34. பூஹோல்ஸைவிடப் பெரியவர்! அப்ப வயசானவங்களே வேண்டாம்னு அவங்க நினைக்கலை. ஆனா கான்ட்ராக்ட் ரெண்டே வருஷம், 26 மில்லியன். 2012-ல் பெல்ட்ரான் 32 ஹோம் ரன் அடிச்சார், பூஹோல்ஸ் 30. அடுத்த வருஷம் பெல்ட்ரான் 24, பூஹோல்ஸ் 17. ரெண்டு வருஷம் முடிஞ்சதும் கை குலுக்கி அனுப்பிட்டாங்க.

இன்னொண்ணும் நடந்தது. ஸ்டாரை இழந்த டீமுக்கு நஷ்டஈடா டிராஃப்ட் வாய்ப்பு கிடைக்கும். ஏஞ்சல்ஸ் கிட்டேயிருந்து வந்த வாய்ப்பில் 2012-ல் மைக்கேல் வாக்கா என்ற இளம் பிட்ச்சரை எடுத்தாங்க. அடுத்த வருஷமே லீக் இறுதிச் சுற்றில் சிறந்த வீரர் விருது அவருக்கு. கார்டினல்ஸ் 2013 உலகத் தொடருக்குப் போனாங்க. வாக்கா இப்படி வருவார்னு யாரும் கணிச்சிருக்க முடியாது, அது கொஞ்சம் அதிர்ஷ்டம். கையில் பணமும் இடமும் காலியா இருந்தாத்தான் அந்த அதிர்ஷ்டம் உள்ளே வர வழி இருக்கும்.

"இவ்வளவு கட்டிட்டோமே!"

ஏஞ்சல்ஸ் பக்கம் வருவோம். ஆட்டம் இறங்கின பிறகும் ஏன் அவரை தினமும் ஆட வெச்சாங்க? மரியாதை ஒரு காரணம். "28 மில்லியன் கொடுக்கிறோம், பெஞ்சில் உட்கார வைக்கவா?" என்பதும் ஒரு காரணமா இருந்திருக்கும்னு நான் நினைக்கிறேன். ஆட வெச்சாலும் அந்த 28 மில்லியன் போகும், வெக்காட்டாலும் போகும். போன பணத்துக்காக இன்னைக்கு ஆட்டத்தையும் சேர்த்துக் கொடுக்கிறதுதான் இதில் உண்மையான நஷ்டம். கடைசியா 2021 மே மாசம், கான்ட்ராக்டின் கடைசி சீசன் நடுவில், பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்துக்கிட்டே அவரை விடுவிச்சாங்க. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த முடிவுக்கு வர அவ்வளவு நாள் ஆச்சு. நாலு வருஷம் பிரீமியம் கட்டின பாலிசியை நிறுத்த உங்களுக்குக் கை நடுங்கினா ஆச்சரியமில்லை.

டாட்ஜர்ஸ் டீம் உடனே குறைந்தபட்ச சம்பளத்துக்கு அவரை எடுத்துக்கிச்சு. 12 ஹோம் ரன் அடிச்சுக் கொடுத்தார். சம்பளத்தின் பெரும்பகுதி ஏஞ்சல்ஸ் கணக்கில்!

2022 மார்ச்சில் மறுபடி அதே செயின்ட் லூயிஸ், மறுபடி அதே விவாதம். இப்ப வயசு 42. "வெறும் டிக்கெட் விற்கிற வேலை" என்றவங்களும் இருந்தாங்க, கண்ணீர் விட்டவங்களும் இருந்தாங்க. கார்டினல்ஸ் ஒரு வருஷத்துக்கு 2.5 மில்லியன் டாலர் கொடுத்தாங்க, சுமார் 19 கோடி ரூபாய். பழைய கான்ட்ராக்ட் மொத்தத்தில் நூறில் ஒரு பங்குக்கும் சற்றுதான் அதிகம். அந்த வருஷம் விதியும் மாறி, ஃபீல்டிங் செய்யாம பேட்டிங் மட்டும் ஆடுற இடம் எல்லா டீமுக்கும் வந்திருந்தது. இடது கை பிட்ச்சர் வர்ற நாளில்தான் பெரும்பாலும் அவரை இறக்கினாங்க. எது இன்னும் நல்லா வருமோ அதை மட்டும் வாங்கினாங்க.

சீசனின் முதல் பாதியில் 6 ஹோம் ரன், சுமார்தான். "சொன்னேனே" கோஷ்டி சந்தோஷமா இருந்த நேரம். அப்படியே போயிருந்தா? 2.5 மில்லியனோட கதை முடிஞ்சிருக்கும், டீம் ஒண்ணும் ஆட்டம் கண்டிருக்காது. ரெண்டாம் பாதியில் 18 அடிச்சார். செப்டம்பர் 23-ம் தேதி, லாஸ் ஏஞ்சலஸில், 700-வது ஹோம் ரன். வரலாற்றில் அவருக்கு முன்னாடி அந்த எண்ணைத் தொட்டவங்க பாண்ட்ஸ், ஹாங்க் ஆரன், பேப் ரூத் மூணு பேர்தான். 703-ல் ஓய்வு பெற்றார். டீம் டிவிஷனை ஜெயிச்சது, பிளேஆஃபில் முதல் சுற்றிலேயே தோத்தது.

சென்டிமென்ட்டுக்குச் செலவு செய்யாதீங்கன்னு நான் சொல்ல வரலை. அப்பாவின் பழைய பைக்கை ரிப்பேர் செஞ்சு வெச்சுக்கிறதும், ஊர்ல இருக்கிற சின்ன நிலத்தை விற்காம இருக்கிறதும் உங்க இஷ்டம். அதை 2.5 மில்லியன் பாக்கெட்டில் வையுங்க. முழுசாப் போனாலும் வீட்டு வாடகையும் எஸ்.ஐ.பி.-யும் நிக்கக் கூடாது. அதே சென்டிமென்ட்டை ரிட்டயர்மென்ட் பணம்னு பேர் வெச்சு 10 வருஷம், 20 வருஷம் பூட்டும்போதுதான் சிக்கல்.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. ஏஞ்சல்ஸ் கான்ட்ராக்டில் அந்த 240 மில்லியன் தவிர ஒரு பின்னிணைப்பும் இருந்தது: ஆட்டம் முடிஞ்ச பிறகு டீமுக்குச் சேவை செய்ய 10 வருஷத்துக்கு 10 மில்லியன் டாலர். உங்க வீட்டு பாலிசி பாண்டை எடுத்து, கடைசிப் பக்கங்களில் சரண்டர் வேல்யூ டேபிள் எங்கே இருக்குன்னு தேடி வெச்சுக்குங்க. அடுத்த வீடியோவில் அதைத்தான் வரி வரியாப் படிக்கப் போறோம்.